காரின் காலடி விளக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டப்புறத்தில், தெருவிளக்குகள் முடிந்த பிறகும் சற்றுத் தூரம் போக வேண்டிய வீடுகளில் இருப்பவர்களுக்கு, கார்க் கதவைத் திறந்ததும் காலடியில் ஒளிரும் சிறு எல்இடி பட்டை, அலங்காரம் என்பதைவிடத் தேவை என்றே எனக்குத் தோன்றுகிறது. செம்பனை ஓரத்தில் இறங்குமுன் தரையைப் பார்ப்பது நல்லது. பாம்பு நம்மிடம் அனுமதி கேட்டு வருவதில்லை. இந்த வாரம் தம்பியும் நானும் என் மைவி காரில் அதைப் பொருத்தினோம்.

இணைப்பை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் வேலையே இருக்கிறது. பல கார்களில் கூரை விளக்குக்கு 12 வோல்ட் மின்சாரம் எப்போதும் வந்துகொண்டிருக்க, கதவுச் சுவிட்ச் அதன் எதிர்முனையை மட்டுமே காரின் உடலோடு இணைக்கிறது. ஆகவே பட்டையின் நேர்முனையைக் கூரை விளக்கின் நேர்க்கம்பியோடும், எதிர்முனையைச் சுவிட்சுக்குப் போகும் கம்பியோடும் சேர்த்தால், கதவு திறக்கும்போது அது தானாக எரியும். மீட்டருக்கு 4.8 வாட் பட்டை ஏறத்தாழ 0.4 ஆம்பியர்தான் இழுக்கும் என்பதால், ஒரு மீட்டருக்கு 1 ஆம்பியர் ஃபியூஸ் போதும். ஃபியூஸ் இல்லாமல் பொருத்தித் தரும் கடையை நான் நம்பமாட்டேன். இயந்திரம் ஓடும்போது மின்னழுத்தம் 14 வோல்ட்டைத் தொடும்; மலிவுப் பட்டைகள் சூடேறி விரைவில் மங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். மஞ்சள் உறையிட்ட காற்றுப்பைக் கம்பிகளின் பக்கம் கையே போகக்கூடாது.

தம்பி நீலம் கேட்டான். இருளுக்குப் பழகிய கண்ணை அது உறுத்தும் என்று நான் மங்கலான மஞ்சளில் உறுதியாக நின்றேன். வெளியே மின்னும் விளக்குகளுக்கோ சாலைப் போக்குவரத்து இலாகாவின் சம்மன்தான் பரிசாகக் கிடைக்கும்.