வாடை தணிந்ததும் சூரை: சீடர் கட்டையோடு பருத்தித்துறைக் கடலில்

மச்சான் ஒருவர் கனடாவின் மேற்குக் கரையில் இருக்கிறார். வன்கூவர் தீவுக்கு வெளியே வெகுதூரம் ஓடி அல்பகோர் சூரை பிடிக்கிறதுதான் அவருடைய பொழுதுபோக்கு. போன முறை ஊருக்கு வந்தபோது தன்னுடைய பெட்டியிலிருந்து சீடர் மரத் தூண்டில்கள் கொஞ்சத்தை எடுத்துத் தந்து, "உங்கட சூரைக்கும் போட்டுப் பார்" என்றார். அன்றிலிருந்து வாடைக்காற்று எப்போது தணியும் என்று காத்திருந்தேன். தை மாதக் கடைசியிலிருந்து பங்குனி வரைக்கும், வல்வெட்டித்துறைக்கும் பருத்தித்துறைக்கும் வெளியே அதைப் போட்டு ஓடிப் பார்த்ததில் எது சரிவந்தது, எது சரிவரவில்லை என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் அந்தக் கட்டையைப் பற்றி. நடுவிரலை விடக் கொஞ்சம் நீளம். முன்பக்கம் ஈயத்தலை, பின்பக்கம் வண்ணம் பூசாத சீடர் மரம், நடுவால் ஒரு துளை, துளைக்குள்ளால் தங்கூசி (நைலோன் இழை) போய்க் கடைசியில் ஒரே ஒரு தூண்டில் முள். கண் கிடையாது, பளபளப்பு கிடையாது. எங்கள் ஆட்கள் சூரைக்கு இழுக்கிற கோழி இறகோடும் மினுங்கல் இழையோடும் பக்கத்தில் வைத்தால் இது ஒரு விறகுத் துண்டு. ஆனால் தண்ணீருக்குள் போட்டு வேகமாக இழுத்தால் நேராக வராது. திடீரென்று இடது பக்கம் வெட்டும், கொஞ்சம் பொறுத்து வலது பக்கம் வெட்டும், ஒரு ஒழுங்குமில்லாமல் துடித்துக்கொண்டே வரும். அடிபட்ட சின்ன மீன் ஓடுகிறது அப்படித்தான்.

அல்பகோர் எங்களுடைய கரையில் கிடைக்கிற மீன் இல்லை. இந்து சமுத்திரத்தில் அது பெரும்பாலும் பூமத்திய கோட்டுக்குத் தெற்கே இருக்கிறது, குளிர்ந்த தண்ணீர் வேண்டும் அதற்கு. மச்சான் ஆட்கள் செய்மதிப் படத்தில் 15, 16 பாகை செல்சியசைத் தாண்டுகிற நீலத் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்த்து, அந்த விளிம்பைத் தேடித்தான் ஓடுவார்கள். எங்கள் கடலில் தை முடிவிலேயே வெப்பமானி 27 பாகையை ஒட்டி நின்றது. இங்கே நான் தேடியது எங்கள் வழமையான சூரையை, யூத்தினஸ் அஃபினிஸ் என்று விஞ்ஞானப் பெயர் உள்ளதை. முதுகின் பின்பாதியில் நெளிநெளியாகக் கருங்கோடுகள், நெஞ்சுச் செட்டைக்குக் கீழே சில கரும்புள்ளிகள். அந்தப் புள்ளிகளைப் பார்த்தால் மற்றச் சூரைகளோடு குழம்பாது. ஆழ்கடலுக்குப் போகாமல் கண்டமேடைக்கு மேலேயே கூட்டமாகத் திரிகிற மீன் என்பதால் சின்னப் போட்டில் போகிறவர்களுக்கும் கைக்கெட்டும்.

போட் ஒரு சம்மாட்டி அண்ணையுடையது. 18 அடி பிளாஸ்ரிக் போட், 25 குதிரைவலு எஞ்சின். அவருக்குக் கடலில் நாற்பது வருசப் பழக்கம், கட்டையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, உந்தக் கட்டைக்கு மீன் வருமோ?" என்று கேட்டார். "போட்டுப் பாப்பம் அண்ணை" என்றேன். ஒரு தூண்டிலில் கட்டை, மற்றதில் அவருடைய வெள்ளை இறகு, இரண்டையும் ஒரே நேரத்தில் இழுக்கிறது என்று ஒப்புக்கொண்டோம். இது நல்ல ஏற்பாடாகப் போய்விட்டது, ஏனென்றால் ஒன்றை மட்டும் போட்டு ஓடினால் மீன் வராததற்குத் தூண்டில் காரணமா கடல் காரணமா என்று கடைசி வரைக்கும் தெரியாது. நூல் 30 இறாத்தல், முன்னால் கட்டுகிற தங்கூசி 50 இறாத்தல். கம்பிக் கயிறு போடவில்லை. கூர்ப்பல் மீன்களான சீலாவோ அறக்குளாவோ கடித்தால் அறுத்துக்கொண்டு போகும்தான், ஆனால் தண்ணீர் தெளிந்த நாளில் கம்பியைக் கண்டால் சூரை கிட்ட வராது.

இனி முக்கியமான விசயம். பருவத் தொடக்கத்தில் எவ்வளவு தூரம் ஓடுகிறோம் என்பதில் ஒன்றுமில்லை, தண்ணீரின் நிறம் மாறுகிற இடத்தைப் பிடிக்கிறதில்தான் எல்லாம் இருக்கிறது. மாரி முடிந்த கையோடு கரைப் பக்கம் இன்னும் கலங்கல் நிற்கும், பச்சையும் மண்ணிறமும் கலந்த தண்ணீர். முருகைக்கல் பாரைத் தாண்டி, பருத்தித்துறை வெளிச்சவீட்டைப் பின்னால் விட்டுக் கிழக்கே வைத்து ஓடினால் ஓரிடத்தில் அந்தப் பச்சை வெட்டினமாதிரி நின்று நீலம் தொடங்கும். அந்தக் கோட்டில் நுரையும் சாதாளையும் வரிசையாக மிதக்கும், சில நாளில் பனை மட்டை ஒன்றும் மிதக்கும். மேற்கே பாக்கு நீரிணையின் ஆழங்குறைந்த தண்ணீர், கிழக்கே வங்காள விரிகுடா, இரண்டும் முட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் நாங்கள் பிறந்து வளர்ந்திருக்கிறோம். மச்சான் செய்மதியில் தேடுகிற விளிம்பு எங்களுக்குக் கண்ணுக்கு முன்னால் கிடக்கிறது. அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போய்விடக் கூடாது. நீலப் பக்கத்தில் நின்று, கோட்டை ஒட்டியே, வளைகிற இடத்தில் நாங்களும் வளைந்து ஓட வேண்டும். கிடைத்த சூரையில் பெரும்பங்கு அந்த வளைவுகளில்தான் ஏறியது. கலங்கலுக்குள் இறகுக்கும் வரவில்லை, கட்டைக்கும் வரவில்லை.

வேகம் 6 நொட், அதாவது மணிக்கு 11 கிலோமீற்றர். அதற்குக் கீழே போனால் கட்டை சோம்பி நேராக வருகிறது, துடிப்பு நின்றுவிடுகிறது. தூரம்தான் அண்ணையை யோசிக்க வைத்தது. அவர் இறகை 40 மீற்றருக்கு விடுகிறவர், எஞ்சின் சத்தத்துக்கு மீன் பயப்படும் என்பது அவருடைய கணக்கு. அல்பகோர் பிடிக்கிறவர்கள் ஒரு தூண்டிலையாவது எஞ்சின் கிளப்புகிற வெள்ளை நுரைக்குள்ளேயே, போட்டுக்கு 10 மீற்றர் கிட்ட, விடுவார்கள். அந்தக் கலக்கத்தை மீன் ஒரு கூட்டம் இரை தின்கிற இடமாக எடுத்துக்கொள்கிறது என்பது என் எண்ணம். இங்கேயும் அப்படியே நடந்தது. நீலத் தண்ணீரில், வெயில் ஏறாத நேரத்தில், நுரைக்குள் துடித்த கட்டைக்குத்தான் முதல் அடி விழுந்தது. றீல் கத்தினதும் அண்ணை பழக்கத்தில் எஞ்சினைத் தணிக்கப் போனார், "ஓட விடுங்கோ, ஓட விடுங்கோ" என்று கத்தினேன். சூரை தனியாக வருவதில்லை. கொஞ்ச நேரம் அதே வேகத்தில் ஓடினால் அடுத்த தூண்டிலிலும் ஏறும். ஏறியது, இறகில். அடுத்த முறை போனபோது அண்ணை தானே இறகைக் கிட்ட இழுத்துக் கட்டினார், நான் ஒன்றும் சொல்லவில்லை.

சரி, கட்டை தோற்ற இடத்தையும் சொல்ல வேண்டும். மாசி நடுவில் நெத்தலி கூட்டங்கூட்டமாக மேலே வந்தது. ஆலாக் குருவிகள் தலைகீழாக விழுந்து எழும்ப, கீழே சூரை தண்ணீரைக் கொதிக்க வைத்துக்கொண்டு நிற்க, கட்டையைக் கூட்டத்தின் ஓரத்தால் எத்தனை தரம் கொண்டுபோனாலும் திரும்பிப் பார்க்கவில்லை. விரல்முனை அளவு நெத்தலியைத் தின்று பழகிய வாய்க்கு அது பெரிதாகிவிட்டது. அண்ணையின் சின்ன இறகுக்கு உடனே ஏறியது. அந்த மாதிரி நேரத்தில் கூட்டத்துக்குள்ளே போட்டை விடக் கூடாது, விட்டால் எல்லாம் ஒரே அமுக்காக அமுங்கிவிடும். காற்றுக்கு மேல் பக்கத்தால் சுற்றி வந்து, தூண்டில் மட்டும் கூட்டத்தின் விளிம்பைத் தொடுகிறமாதிரி திரும்ப வேண்டும். பறவை போகிற திசையைப் பார்த்து முன்னாலே போய் நிற்கிறது இன்னும் நல்லது.

ஏறினவை 2 கிலோவிலிருந்து 4 கிலோவுக்குள்தான், ஆனால் அந்த இழுவையை 4 கிலோ என்று சொன்னால் பாரை பிடித்துப் பழகினவர்கள் நம்ப மாட்டார்கள். சூரைக்குக் காற்றுப்பை இல்லை, நீந்துவதை விட்டால் தாழ்ந்துவிடும், செவுளுக்குத் தண்ணீர் போகவும் ஓடிக்கொண்டேயிருக்க வேண்டும். அதனால் அது களைத்து நிற்கிற மீனே இல்லை. முதலில் நேராக ஓடும், அப்புறம் போட்டுக்குக் கீழே வந்து வட்டமடிக்கும், ஒவ்வொரு வட்டத்திலும் வாலின் அதிர்வு தடி வழியாக முழங்கை வரைக்கும் ஏறும். வட்டத்தின் வெளிப்பக்கம் போகும்போது பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், உள்ளே திரும்பும்போது சுற்ற வேண்டும். கொழுக்கித் தடியைத் தலையில் போடுங்கள். வயிற்றில் போட்டால் சதை வீணாகும்.

பிடித்ததற்குப் பிறகு செய்கிறதை அல்பகோர்காரர்களிடமிருந்து அப்படியே எடுக்க வேண்டும் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன். சூரைக் குடும்பத்துக்கு உடம்பு சுற்றியிருக்கிற தண்ணீரை விடச் சூடு, ஓடிப் போராடினபின் இன்னும் சூடு. அதை வெயிலில் போட்டின் அடியில் போட்டுவிட்டு ஓடினால் கரைக்கு வருவதற்குள் கெட்டுவிடும், வெளியே பார்க்கத் தெரியாது. சதையிலுள்ள ஹிஸ்டிடின் பற்றீரியாவால் ஹிஸ்டமினாக மாறும். அது எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. சூரை தின்று முகம் சிவந்து, உடம்பு கடித்து, தலையிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்களை எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும், "சூரை கிரந்தி" என்று சொல்லிவிட்டு விடுகிறோம். பழியை மீன் மேல் போடுவது நியாயமில்லை. ஏறினதும் செவுளுக்கு உள்ளே கத்தியை விட்டு வெட்டி, தலையைக் கீழே பிடித்தால் இரத்தம் சில நிமிடத்தில் வடிந்துவிடும். பிறகு ரெஜிபோம் (வெப்பம் புகாத நுரைப் பிளாஸ்ரிக்) பெட்டியில் பாதி ஐஸ், பாதி கடல்தண்ணீர் கலந்து அதற்குள் அமுக்க வேண்டும். வெறும் ஐஸ் கட்டிக்கு மேல் வைத்தால் தொட்ட இடம் மட்டும்தான் குளிரும். உப்புத் தண்ணீர் மீனை முழுதாகச் சுற்றிப் பிடித்துக் குளிரை உள்ளே இறக்கும். இப்படிக் கொண்டுவந்த சூரையை வீட்டில் அறுத்தபோது சதை கறுப்பாக இல்லாமல் கடுஞ்சிவப்பாக இருந்தது. அம்மா பழப்புளியும் வெந்தயமும் கூடப் போட்டுக் காய்ச்சி, புட்டோடு சாப்பிட்டுவிட்டு, அறக்குளாவைக் கேட்காமல் இதையே கொண்டு வா என்றார். அண்ணையும் இப்போது தன்னுடைய தொழிலுக்குப் போகும்போது ஐஸ் பெட்டி ஏற்றுகிறார், அதுதான் எனக்கு மீனை விடப் பெரிய சந்தோசம்.

வல்வெட்டித்துறையில் கட்டின அன்னபூரணி பாய்க்கப்பல் இந்தக் கரையிலிருந்து புறப்பட்டு 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தைப் போய்ச் சேர்ந்தது. அந்தப் பக்கத்துக் கடற்காரர்களுடைய ஒரு கட்டை இப்போது இந்தப் பக்கம் வந்து எங்கள் நுரைக்குள் துடிக்கிறதை நினைத்தால் மனம் நிறைகிறது.

அடுத்ததாகச் செய்யப் போவது இரண்டு. முதிரை மரத்தில் அதே அளவுக்கும், நெத்தலிக் காலத்துக்குப் பாதி அளவுக்கும் கட்டைகள் கடைந்து தரச் சொல்லித் தச்சரிடம் கொடுத்திருக்கிறேன். முதிரை சீடரை விடப் பாரம், அதனால் ஈயத்தைக் குறைத்துப் பார்க்க வேண்டும். மற்றது, தமிழ்நாட்டு விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள் தடைக்காலம். அந்தப் படகுகள் இழுக்கிற இழுவை மடிக்குப் பயந்து இதுவரை நாங்கள் இருட்டில் இறங்கியதே இல்லை. தடை தொடங்குவதற்கும் சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று பலமாக எழும்புவதற்கும் இடையில் கடல் படுத்துக் கிடக்கிற கொஞ்ச நாள் கிடைக்கும். அப்போது விடிய முதலே இறங்கி, முதல் வெளிச்சத்தில் அந்த நிறக் கோட்டில் நிற்கிறதென்று அண்ணையோடு பேசி வைத்திருக்கிறேன்.