‘மடல’ என்று தட்டினால் கொன்சோல் திறக்கிறது

மூன்று வாரங்களாக இழுத்துக்கொண்டிருந்த வேலை நேற்று இரவு ஒருவழியாகக் கைகூடியது. ஆல்ட்டையும் ஸ்பேஸையும் சேர்த்து அழுத்தி, திரையைப் பாராமலேயே கே, ஓ, என் ஆகிய மூன்று விசைகளைத் தட்டி, என்டர் கொடுத்தேன். தமிழ்99 விசைப்பலகை அமைப்பு இயங்கிக்கொண்டிருந்த போதே, கட்டளைகளைத் தட்டும் கொன்சோல் செயலி திறந்தது. ஆங்கிலத்தில் மட்டும் தட்டச்சு செய்பவர்கள் இதில் என்ன பெருமை என்று கேட்கக்கூடும்; நாள் முழுவதும் தமிழில் எழுதிக்கொண்டே, லினக்ஸில் செயலிகளைப் பெயர் தட்டித் திறக்கும் லாஞ்சரான கே-ரன்னரையும் பயன்படுத்துபவர்கள் கேட்கமாட்டார்கள்.

இத்தகைய லாஞ்சரின் பயன் முழுவதும் கை தானாக ஓடுவதில் இருக்கிறது. விண்டோஸ் காலத்தில் லாஞ்சி என்ற இதே வகைச் செயலியில் பழகிய ஆல்ட்–ஸ்பேஸ், கே-ரன்னருக்கு வந்த பிறகும் என் விரல்களில் அப்படியே இருந்தது. கணக்குப் போடுவதும் அலகு மாற்றுவதும்கூட அந்தப் பெட்டிக்குள்ளேயே முடிந்துவிடுவதால், சுட்டியைத் தொடாமல் மணிக்கணக்கில் வேலை செய்ய முடிகிறது. ஆனால் தமிழ்99 இயங்கும்போது கே என்பது ம, ஓ என்பது ட, என் என்பது ல. கொன்சோலைக் கேட்டால் பெட்டியில் ‘மடல’ என்று விழும். முழுப்பெயரையும் தட்டினால் ‘மடலிடதூ’. மற்றச் செயலிகளில் டால்ஃபின் ‘உடதணகனல’ ஆகிவிடும், கால்க் ‘ஒஅதொ’ ஆகிவிடும். அழித்து, மொழியை மாற்றி, மீண்டும் தட்டி, வேலை முடிந்ததும் மறுபடி தமிழுக்கு மாற வேண்டும். இதற்குச் சுட்டியே மேல் என்று தோன்றிய நாள்கள் உண்டு.

முதலில் நினைவுக்கு வந்தது, உள்ளீட்டு மொழிகளைக் கவனித்துக்கொள்ளும் ஐபஸ் அமைப்பில் உள்ள ஒரு தேர்வுப்பெட்டி. எல்லாச் செயலிகளும் ஒரே உள்ளீட்டு முறையைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டை அதில் நீக்கினால், கே-ரன்னர் தனக்கென ஆங்கிலத்தை வைத்துக்கொள்ளும். லாஞ்சர் சரியாயிற்று, மற்றவை கெட்டன. ஒவ்வொரு சாளரமும் ஒவ்வொரு மொழியில் நின்றதால், உரைத் தொகுப்பானிலிருந்து உலாவிக்குப் போகும்போதெல்லாம் முதல் சொல்லைத் தவறாகத் தட்டி அழிக்க வேண்டியிருந்தது. அடுத்து ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுதினேன்: இப்போதுள்ள உள்ளீட்டு முறையைக் குறித்துக்கொண்டு, ஆங்கிலத்துக்கு மாற்றி, கே-ரன்னரை அழைத்து, முடிந்ததும் பழைய முறையைத் திருப்பித் தரும். கே-ரன்னரோ பின்னணியில் எப்போதும் இயங்கிக்கொண்டிருப்பது. அழைத்த கட்டளை அந்தக் கணமே முடிந்துவிடுவதால், நான் முதல் எழுத்தைத் தட்டுவதற்குள் தமிழ் திரும்பிவிடும். இடையில் இரண்டு விநாடி காத்திருக்கச் சொல்லிப் பார்த்தேன். அவசரத்தில் சரியாகவும், நிதானமாகத் தட்டினால் தவறாகவும் வேலை செய்தது.

அப்போதுதான் தவறாக விழும் எழுத்துகளையே செயலியின் மறுபெயராக வைத்துவிட்டால் என்ன என்று தோன்றியது. ஒவ்வொரு செயலியின் பெயரையும் விவரங்களையும் வைத்திருக்கும் டெஸ்க்டாப் கோப்புகளில் கீவேர்ட்ஸ் என்றொரு வரி உண்டு. கே-ரன்னர் அதையும் தேடிப் பார்க்கும். கொன்சோலின் கோப்பை என் இல்லக் கோப்புறையில் அப்ளிகேஷன்ஸ் அடைவுக்குள் அதே பெயரில் நகலெடுத்து, அதன் இறுதியில் ஒரு வரியைச் சேர்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அந்த விவரங்களைத் திரட்டிவைக்கும் சைகோகாவை மறுபடி கட்டினேன், வெளியேறி உள்நுழைந்தேன், கணினியையே மறுதொடக்கம் செய்தேன். கோப்பின் இறுதியில் இருப்பது புதிய தாவலைத் திறக்கும் துணைச்செயலுக்கான பகுதி. நான் சேர்த்த வரி அந்தப் பகுதிக்குள் போய் விழுந்து யாருக்கும் பயன்படாமல் கிடந்தது என்பதைக் கண்டுபிடிக்க இரண்டு மாலைகள் போயின.

வரியை மேலே, முதன்மைப் பகுதிக்குள், கொண்டுபோன பிறகும் பலனில்லை. இந்த முறை கெடுத்தது என் ஒழுங்கு. தமிழ்ச் சொல் ஆயிற்றே என்று, கீவேர்ட்ஸ் என்பதை அடுத்துச் சதுர அடைப்புக்குள் தமிழின் மொழிக்குறியை இட்டு, மொழிபெயர்ப்பாளர்கள் செய்வதுபோல் முறைப்படி எழுதியிருந்தேன். என் மேசைச்சூழலின் மொழி ஆங்கிலம். ஆகவே அந்த வரி கண்ணில் படாமலேயே தாண்டப்பட்டது. தமிழ் எழுத்துகளைப் பொதுவான கீவேர்ட்ஸ் வரியிலேயே, அரைப்புள்ளியிட்டு, ஆங்கிலச் சொற்களுக்குப் பக்கத்தில் சேர்த்ததும் கொன்சோல் எழுந்து வந்தது. ஒரு வாரம் இதற்கே போனது என்பதை எழுதுவதற்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. கடைசியாகத் தட்டிய எழுத்து, அடுத்து உயிர் வந்து சேருமா புள்ளி வந்து சேருமா என்று தெரியும்வரை, அடிக்கோட்டுடன் காத்து நிற்கும். அது வரை லாஞ்சருக்கு அந்த எழுத்து போய்ச் சேராது. நான் ‘மடல’ என்று தட்டும்போது கே-ரன்னர் தேடுவது ‘மட’ என்பதை மட்டுமே. எனவே எந்தச் செயலிக்கும் கடைசி எழுத்தைக் கழித்துவிட்டே மற்றவற்றோடு மோதுகிறதா என்று பார்க்க வேண்டும். கொன்சோலுக்கு ‘மட’, டால்ஃபினுக்கு ‘உட’, கிம்ப்புக்கு ‘எனர’ எனப் பத்துச் செயலிகள் வரை மோதலின்றி அமைந்துவிட்டன.

பத்தையும் கையால் எழுதியாயிற்று. மீதியை எழுதப் பொறுமையில்லை. டெஸ்க்டாப் கோப்புகளை எல்லாம் படித்து, பெயர்களைத் தமிழ்99 வடிவுக்கு மாற்றித் தரும் பைத்தான் நிரல் ஒன்றைத் தொடங்கியிருக்கிறேன். விசைக்கு விசை மாற்றுவது அரைமணி வேலை. தானாக விழும் புள்ளிகள்தாம் வேலை வாங்குகின்றன. 1999இல் தமிழக அரசு ஏற்ற இந்த அமைப்பில் ன-வை அடுத்து ற வந்தால் புள்ளி தானே விழும். எழுதும்போது வரமாக இருக்கும் அந்த வசதி, குரோமியம் என்று தட்டினால் ‘ஒகைடரன்றர’ என்று தருகிறது. என் நிரல் இன்னும் புள்ளியில்லாமல்தான் சொல்கிறது. இதற்கிடையில் விசைப்பலகையையும் மாற்றலாமா என்ற ஆசை வேறு. அடுத்த முறை சென்னை போகும்போது ரிச்சி தெருவில் தமிழ்99 ஒட்டிகள் நல்ல தரத்தில் கிடைக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

ஃபயர்ஃபாக்ஸ் மட்டும் அடங்கவில்லை. அதன் முதல் விசையான எஃப், தமிழ்99இல் புள்ளி. மெய் எதுவும் இல்லாத இடத்தில் தனிப்புள்ளியை எதனோடு சேர்ப்பது? கீவேர்ட்ஸ் வரியில் அதை எழுதினால் தொகுப்பானில் முந்தைய அரைப்புள்ளியின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. அதனால் ‘வெப்’ என்று தட்டினால் விழும் ‘ஈஊங’ என்பதை அதற்கு வைத்திருக்கிறேன். விரல்கள் இன்னமும் எஃப்பையே தேடுகின்றன.