பெரியப்பாவின் எழுபதுகளுக்கு ஒரு பெல்பாட்டம்

நவம்பர் 2, ஞாயிறு

டிசம்பரில் பெரியப்பாவுக்கு எழுபது. பீமரத சாந்தி ஹோமம் காலையிலேயே முடிந்துவிடும். மாலை விருந்து பிள்ளைகள் ஏற்பாடு. எல்லோரும் 1970களின் உடையில் வர வேண்டும் என்று அண்ணன் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறான். பெரியப்பா கல்லூரியில் படித்தது 1973 முதல் 76 வரை, இதே மதுரையில். அவர் வாலிபமாக இருந்த காலத்தை அவர் கண்முன் நிறுத்த வேண்டும் என்பதுதான் யோசனை. எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

ஆனால் குழுவில் வந்து விழும் படங்களெல்லாம் மினுமினுக்கும் சட்டை, பெரிய சுருட்டை டோப்பா, நட்சத்திரக் கண்ணாடி. அதெல்லாம் அமெரிக்க டிஸ்கோ மேடைக்குச் சரி. 1975-இல் டவுன்ஹால் ரோட்டில் நடந்துபோன பையன் அப்படியா இருந்தான்? அந்தப் பையன் போட்டதைத்தான் நான் போடப்போகிறேன்.

நவம்பர் 5

அத்தை வீட்டில் பழைய ஆல்பம் பார்த்தேன். ஸ்டூடியோவில் நண்பர்களோடு பெரியப்பா எடுத்துக்கொண்ட ஒரு படம். பேண்ட் தொப்புளுக்கு மேலே ஏறி நிற்கிறது, முன்பக்கம் ஒரு பிளீட்கூட இல்லை. தொடையை ஒட்டி இறங்கி, முட்டிக்குக் கீழே விரிந்து ஷூவை மூடிவிடுகிறது. சட்டைக் காலர் கூர்மையாக நீண்டு கிடக்கிறது. இடுப்பில் அகலமான பெல்ட், கிருதா காது மடலுக்குக் கீழே வரை.

படம் கறுப்பு வெள்ளை. நிறத்துக்கு யாரிடம் போவது? அத்தையைக் கேட்டேன். தன் அண்ணனான பெரியப்பாவின் துணிகளைக் கரி இஸ்திரிப்பெட்டியில் தேய்த்துக் கொடுத்தவர் அவர். யோசிக்கவே இல்லை. “பேண்ட்டு காப்பிப்பொடி கலருடா. சட்டை வெள்ளைதான், அதுல கத்திரிப்பூ கலர்ல பெரிய பெரிய பூ” என்றார். படத்தில் சாம்பல் பூத்துத் தெரிந்ததெல்லாம் ஒரே நொடியில் நிறமாகிவிட்டது. வீட்டில் அந்த வயதில் ஒருவர் இருந்தால் உடனே போய்க் கேட்டுவிடுங்கள். எந்த ஆல்பமும் இதைச் சொல்லாது.

நவம்பர் 9, ஞாயிறு

விளக்குத்தூண் பக்கம் துணி தேடினேன். கடைகளில் இப்போது பேண்ட் துணி என்றால் பெரும்பாலும் பருத்தி, இல்லாவிட்டால் லைக்ரா கலந்து இழுபடும் ரகம். இரண்டும் இதற்கு ஆகாது. பருத்தி சீக்கிரம் கசங்கும். இழுபடும் துணி முட்டிக்குக் கீழே விரிந்து நிற்காமல் காலோடு சுற்றிக்கொள்ளும்.

அந்தக் காலத்தின் துணி டெரிகாட்டன். பாலியஸ்டரை 1941-இல் இங்கிலாந்தில் கண்டுபிடித்து டெரிலின் என்று பெயர் வைத்தார்கள். அதையும் பருத்தியையும் கலந்து நெய்தது டெரிகாட்டன். துவைத்துப் போட்டால் சட்டென்று காயும், கஞ்சி வேண்டாம், ஒருமுறை தேய்த்த மடிப்பு கலையாது. பெட்டியில் இரண்டு மூன்று செட் துணி மட்டும் இருந்த மாணவனுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! வெயிலில் வியர்வையை வாங்காது என்ற குறையையும் பொறுத்துக்கொண்டார்கள்.

கடைசியில் கிடைத்த இடம் யூனிஃபார்ம் துணிப் பிரிவு. பள்ளிச் சீருடைக்கும் காக்கி உடுப்புக்கும் டெரிகாட்டன் இன்றும் வருகிறது. காப்பிப்பொடி நிறமே கிடைத்தது. சட்டைக்குப் பூப்போட்ட பாலியஸ்டர் கிரேப், பெண்கள் சுடிதார் தைக்க வாங்குவது.

நவம்பர் 11

டெய்லர் மாஸ்டரைப் பார்த்தேன். முன்பு மீனாட்சி அம்மன் கோயில் எதிரே புது மண்டபத்தில், தூண்களுக்கு நடுவே மெஷின் போட்டுத் தைத்தவர். அங்கிருந்த கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றியபோது இவரும் மாறினார். பெல்பாட்டம் என்றதும் டேப்பை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

“மொதல்ல ஷூவைப் போடுங்க தம்பி” என்றார். குதிகால் உயர்ந்த ஷூவோடு நின்றால்தான் நீளம் சரியாக வருமாம். வெறுங்காலில் அளந்தால் பின்பக்கம் தூக்கிக்கொள்ளும். முட்டிச் சுற்றளவு 17 அங்குலம், பாட்டம் 26. விரிவு முட்டியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். தொடையிலிருந்தே விட்டால் பைஜாமா ஆகிவிடும் என்று சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டினார். கப்பல் மாலுமிகளின் உடுப்பாக இருந்தது இந்தப் பேண்ட். தளத்தைக் கழுவும்போது சுருட்டி மேலேற்ற வசதி என்பதால் அகலக் கால் என்பார்கள். அது கப்பலை விட்டு இறங்கி, உலகமெல்லாம் சுற்றி, இங்கே இவர் கைக்கும் வந்திருக்கிறது.

அப்புறம் ஜிப் விஷயம். பேண்ட் தரையைக் கூட்டிக்கொண்டே போவதால் ஓரம் பிய்ந்துவிடும். அதற்காகக் கீழ் மடிப்பின் உள்ஓரத்தில் பித்தளை ஜிப்பின் ஒரு பாதியைப் பல் வெளியே தெரிய வைத்துத் தைப்பார்கள். தேய்மானம் பல்லுக்கு, துணிக்கு இல்லை. எந்த வெளிநாட்டுப் படத்தைப் பார்த்து நகலெடுத்தாலும் இது வராது. நம் ஊர் டெய்லர்களின் கைவேலையாகவே இதை நினைத்துக்கொள்கிறேன். பித்தளை ஜிப் வாங்கித் தருவது என் பொறுப்பு.

நவம்பர் 19

டிரையல். பேண்ட் கச்சிதம். காலர் மட்டும் நுனியில் தொங்கியது. உள்ளே விறைப்புக்கு வைக்கும் பக்ரம் துணியை இன்னும் கெட்டியாக வைக்கச் சொன்னேன். மாஸ்டருக்கும் அதே எண்ணம். கிருதா வளர்கிறது.

நவம்பர் 23

மனைவிக்கு அத்தை தன் பழைய நைலக்ஸ் (நைலான்) புடவையைக் கொடுத்துவிட்டார். ராமர் பச்சையில் மஞ்சள் பூ. இத்தனை வருடமாகியும் சாயம் போகவில்லை. ஜாக்கெட்டை ஆல்பத்தில் இருப்பதுபோலக் கழுத்தை ஒட்டி, முதுகு மூடித் தைக்கக் கொடுத்தோம். சவுரி வைத்துத் தாழ்ந்த கொண்டை, கனகாம்பரம். இப்போதைய புடவைக்கட்டில் தோளில் குத்தும் வரிசை மடிப்பு வேண்டாம், முந்தானை ஒற்றையாகவே விழட்டும் என்றார் அத்தை. அதுதான் அழகு.

டிசம்பர் 7, ஞாயிறு

விருந்து முடிந்து இப்போதுதான் வந்தோம். கைக்கடிகாரம் மட்டும் குறைந்தது என்று மண்டபத்து வாசலிலேயே அப்பா தன் எச்.எம்.டி.யைக் கழற்றிக் கட்டிவிட்டார், சாவி கொடுத்து ஓடும் ரகம்.

பெரியப்பா என்னைப் பார்த்ததும் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து பேண்ட் ஓரத்தைத் திருப்பினார். “ஜிப் வச்சிருக்கான்யா!” என்று கூட்டாளிகளைக் கூப்பிட்டார். நாலைந்து பேர் சுற்றி நின்று பல்லைத் தடவிப் பார்த்தார்கள். யாருடைய பாட்டம் அகலம், யார் எந்த டெய்லரிடம் தைத்தார்கள், எவன் காலர் பெரிது என்று பேச்சு ஆரம்பித்து, சாப்பாடு ஆறும் வரை ஓயவில்லை. பேண்ட்டுக்குள் எனக்குப் போதும் போதும் என்றாகும் அளவுக்கு வியர்த்தது. கழற்ற மனம் வரவில்லை.

டிசம்பர் 9

பெரியப்பா போன் செய்தார். மாஸ்டர் கடை எங்கே என்று கேட்டார். தனக்கும் ஒன்று வேண்டுமாம், பாட்டம் 28. நாளைக் காலை பத்து மணிக்குக் கூட்டிப்போகிறேன். ஷூவை மறக்காமல் எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.