இரண்டு டெல்டாக்களின் உளுந்து

தை பிறந்ததும் விருதுநகர் மொத்த வியாபாரிகள் முதலில் விசாரிப்பது, யாங்கூனில் உளுந்து டன் என்ன விலை போகிறது என்பதைத்தான். இட்லிக்கும் தோசைக்கும் நாம் ஊறவைக்கும் உளுந்தில் கணிசமான பங்கு மியான்மரிலிருந்து சென்னைத் துறைமுகம் வழியாக வருவதால், உள்ளூர் விளைச்சல் எப்படி இருந்தாலும் விலைக்கு அடித்தளம் போடுவது அந்த டாலர் கணக்கே.

பருப்பு வகைகளை உலகிலேயே மிக அதிகமாக விளைவிப்பதும் உண்பதும் இந்தியாதான் என்றாலும், 2024-25ஆம் ஆண்டில் நாம் சுமார் 73 லட்சம் டன் பருப்பை இறக்குமதி செய்தோம். துவரை மொசாம்பிக், மலாவி, தான்சானியா, மியான்மர் ஆகிய நாடுகளிலிருந்தும், மைசூர்ப் பருப்பு கனடா, ஆஸ்திரேலியாவிலிருந்தும், மஞ்சள் பட்டாணி ரஷ்யா, கனடாவிலிருந்தும் வருகின்றன. உளுந்துக்கு மட்டும் மியான்மரை விட்டால் நமக்குப் பெரிய மாற்று கிடையாது. அந்த நாட்டு மக்களின் சாப்பாட்டில் உளுந்துக்குப் பெரிய இடம் இல்லாததால், அதை விளைவிக்கும் உழவருக்கும் இந்தியாவை விட்டால் பெரிய சந்தை கிடையாது.

காவிரி டெல்டாவில் சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு, நிற்கும் பயிருக்குள்ளேயே உளுந்தை விதைத்து, மண்ணின் ஈரத்தையும் பனியையும் நம்பி வளர்க்கிறார்கள். மியான்மரின் ஐராவதி டெல்டாவிலும் மழைக்கால நெல்லை அறுத்த வயலில், எஞ்சிய ஈரத்தைக் கொண்டே உளுந்து விளைகிறது. இரண்டும் மாசி, பங்குனியை ஒட்டியே சந்தைக்கு வருகின்றன. எனவே திருவாரூர் உழவர் களத்தில் உளுந்து அடிக்கும் அதே வாரங்களில் சென்னையில் கப்பல் சரக்கும் இறங்குகிறது. மொசாம்பிக் துவரை அப்படியன்று. அது நம் துவரை அறுவடைக்குச் சில மாதங்கள் முன்பே வரத் தொடங்கி, தட்டுப்பாடான காலத்தை ஈடுகட்டுகிறது. இறக்குமதியை நல்லது, கெட்டது என்று மொத்தமாகப் பேசுவோர் இந்த நாட்காட்டியையும் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

தரத்தைப் பொறுத்தவரை நம் உளுந்து எளிதில் தோற்பதில்லை. மாதிரியைத் தட்டில் பரப்பி, ஒரு மணியைக் கடித்து ஈரம் பார்த்து, சந்தேகம் இருந்தால் ஒரு பிடியை ஊறவைத்து ஆட்டி எவ்வளவு மாவு காண்கிறது என்று பார்ப்பவர்கள், டெல்டாவின் புது உளுந்துக்குக் கூடுதல் விலை கொடுக்கத் தயங்குவதில்லை. ஆனால் ஒரே அளவில், வேண்டிய டன் கணக்கில் கிடைப்பது பர்மா சரக்குதான். அதில் எஃப்.ஏ.க்யூ. (சராசரித் தரம்), எஸ்.க்யூ. (சிறப்புத் தரம்) என்று இரண்டு தரம் உண்டு, எஸ்.க்யூ.வுக்கு விலை அதிகம்.

உண்மையான தொல்லை கொள்கையின் திடீர்த்தன்மையில் இருக்கிறது. 2014, 2015 ஆகிய இரண்டு ஆண்டுகளும் மழை பொய்த்ததால், 2015 இறுதியில் துவரம் பருப்பு கிலோ 200 ரூபாயை நெருங்கியது. அரசு 2016 ஜூலையில் மொசாம்பிக்குடன் ஐந்தாண்டுக் கொள்முதல் ஒப்பந்தம் செய்தது. அந்த ஆண்டு மழையும் நன்றாகப் பெய்து, 66 லட்சம் டன் அளவுக்கு இறக்குமதியும் சேர்ந்துகொள்ள, துவரை விலை குறைந்தபட்ச ஆதரவு விலைக்கும் கீழே விழுந்தது. உடனே 2017 ஆகஸ்டில் துவரைக்கு ஆண்டுக்கு 2 லட்சம் டன், உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் சேர்த்து 3 லட்சம் டன் என்று உச்சவரம்பு வந்தது. அதற்குள் அறுவடை முடிந்து உளுந்தைக் கிடங்கில் அடுக்கியிருந்த மியான்மரில் விலை சரிந்தது. நம்மை நம்பி விதைத்தவர்களுக்கு நாம் செய்த அநீதி அது என்றே நான் கருதுகிறேன். 2021 மே மாதம் கதவு மீண்டும் திறந்தது. அதன்பின் உளுந்து இறக்குமதிக்கான கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டு 2026 மார்ச் வரை வந்தது. மஞ்சள் பட்டாணியின் கதையும் இதுவே: 2017 நவம்பரில் 50 சதவீத வரி, 2023 டிசம்பரில் வரி நீக்கம், 2025 நவம்பரில் 30 சதவீத வரி.

பருப்பு இறக்குமதியில் இறங்க விரும்பும் இளைஞர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தேவை பெரியது, வாங்க ஆள் உண்டு, வாய்ப்பும் உண்மையானது. ஆனால் டாலரில் பேசி முடித்த சரக்கு கடலில் இருக்கும்போது அறிவிக்கை மாறினால், சரக்கைக் கப்பலில் ஏற்றியதற்கான ரசீதான பில் ஆஃப் லேடிங்கில் உள்ள தேதியே பெரும்பாலும் தலைவிதியைத் தீர்மானிக்கும். கையிருப்பும் கடன் வசதியும் உள்ள பெரிய நிறுவனங்கள் அந்த அடியைத் தாங்கிக்கொள்ளும். சிறு வியாபாரி ஒரே கப்பலில் எழுந்திருக்க முடியாமல் போகலாம்.

ஒவ்வோர் ஆண்டுக்குமான இறக்குமதி வரியையும் அளவையும் ஜூன் மாத விதைப்புக்கு முன்பே அறிவித்து, இடையில் மாற்றாமல் இருப்பது அரசுக்கு முடியாத காரியமல்ல. விலை ஏறினால் வரி குறையவும், இறங்கினால் கூடவும் முன்கூட்டியே விதி வகுத்துவிட்டால், கதவை அடைத்துத் திறக்கும் வேலையே இருக்காது. 2025-26 பருவத்தில் உளுந்துக்கு ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,800 ரூபாய். 2025 அக்டோபரில் தொடங்கிய பருப்புத் தன்னிறைவு இயக்கம், பதிவு செய்த உழவர்களிடம் துவரை, உளுந்து, மைசூர்ப் பருப்பு மூன்றையும் நான்கு ஆண்டுகளுக்கு முழுமையாகக் கொள்முதல் செய்வதாக உறுதியளிக்கிறது. அந்த உறுதி டெல்டாவுக்குப் பயன்பட வேண்டுமானால், ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் கொள்முதல் மாசிக் கடைசியிலேயே தொடங்க வேண்டும். ஏனெனில் சாகுபடிக் கடனை அடைக்க வேண்டிய சிறு உழவர் களத்திலேயே மூட்டையை விற்றுவிடுகிறார், சித்திரையில் திறக்கும் கூடத்துக்குக் கொண்டுபோக அவரிடம் உளுந்து இருப்பதில்லை.