எட்டு வாரம்

ஜூன் 3, செவ்வாய்

இன்று மூச்சுப் பயிற்சி தொடக்கம். காலை 5.30, மொட்டை மாடி, பத்து நிமிடம். நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விட வேண்டும். மூச்சை விடும்போதுதான் இதயத் துடிப்பு தணிகிறது, அதனால் அந்தப் பக்கம் நீளம். நாலாவது மூச்சில் கீழே போன் அடித்தது. பால்காரர்தான். கை நடுக்கம் அடங்கக் கால் மணி நேரம் ஆனது.

ஜூன் 5, வியாழன்

மாடிக்குப் போகவில்லை. ஒரு டயாலிசிஸுக்கும் அடுத்ததற்கும் நடுவில், இரண்டு நாளில் அப்பாவுக்கு 2.8 கிலோ ஏறியிருக்கிறது. எல்லாம் சிறுநீரகம் வெளியேற்றாத தண்ணீர்.

ஜூன் 8, ஞாயிறு

ஜான் கபாட்-ஜின் 1979-ல் மாசசூசெட்ஸ் மருத்துவக் கல்லூரியில் ஆரம்பித்த எட்டு வாரப் பயிற்சியில், ஒற்றை உலர்திராட்சையைப் பார்த்து, முகர்ந்து, நிதானமாக மென்று சாப்பிடச் சொல்வார்கள். பொட்டாசியம் அதிகம், அப்பாவுக்கு ஆகாது என்று திராட்சையை நம் வீட்டில் நிறுத்தியாகிவிட்டது. ஐஸ் கட்டி இருந்தது. ஆளுக்கொன்று வாயில் போட்டுக்கொண்டோம். "கடிக்காதீங்கப்பா, கரையுற வரைக்கும் சும்மா கவனிங்க." முதலில் பல் கூசியது. பிறகு நாக்கின் நடுப்பகுதி மரத்தது. விளிம்பெல்லாம் தேய்ந்து புளியங்கொட்டை போல வழுவழுப்பாகி, சட்டென்று இல்லாமல் போனது. அப்பா கண்ணை மூடியே இருந்தார்.

"இன்னொண்ணு தரியாம்மா?"

ஒரு கட்டி 15 மில்லி. தண்ணீர்க் கணக்கு நோட்டில் எழுதினேன். கொடுத்தேன்.

ஜூன் 12, வியாழன்

சொம்பு காலி. அளவை மீறிக் குடித்துவிட்டார். கத்திவிட்டேன். அவர் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தாகம் எனக்கா அவருக்கா? மூச்சாவது எண்ணிக்கையாவது.

ஜூன் 18, புதன்

அப்பாவின் கையில் டயாலிசிஸ் ஊசிக்காகத் தைத்த ரத்தக்குழாய் இணைப்பை, ஃபிஸ்டுலாவை, தினமும் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். இத்தனை நாள் பயந்துகொண்டே தொட்டேன், இருக்கிறது என்று தெரிந்ததும் கையை எடுத்துவிடுவேன். இன்று எடுக்கவில்லை. இடது மணிக்கட்டுக்கு மேலே, தையல் தழும்பை ஒட்டி இரண்டு விரல். நாடி விட்டு விட்டு அடிக்கும், இது விடாமல் ஓடுகிறது. தீப்பெட்டிக்குள் வண்டைப் பிடித்து வைத்த மாதிரி ஒரு இரைச்சல், காதில் இல்லை, விரல் நுனியில். தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்ததில் ரத்தம் பாய்ந்து வருகிற வேகம். அந்த வேகத்தில்தான் சிரை பருத்துத் தடிக்க வேண்டும், ஊசி தாங்க வேண்டும், இப்போது டயாலிசிஸ் நடக்கிற கழுத்து டியூபை எடுக்க வேண்டும். மனசு மே மாதத்து இரவுக்கு, 2.40-க்கு அடித்த போனுக்கு ஓடியது. திரும்ப விரலுக்குக் கொண்டுவந்தேன். மறுபடி ஓடியது. மறுபடி. பத்து நிமிடம் போனது தெரியவில்லை. மாடி வேண்டாம், இனி இதுதான்.

ஜூன் 19, வியாழன்

சிரை பருக்கப் பந்தை அழுத்தும்போது அப்பாவும் எண்ணுகிறார். நாலுக்கு அழுத்தி, ஆறுக்கு விடுகிறார். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஜூன் 27, வெள்ளி

இரவு போன் அடித்தது. தவறான எண். மணி 1.15. எழுந்து உட்கார்ந்து மூச்சை விட்டேன், விட்டேன், விட்டேன். தூங்கினேன்! மே மாதத்துக்குப் பிறகு, போன் அடித்த இரவில் முதல்முறை.

ஜூலை 3, வியாழன்

உருளைக்கிழங்கை நறுக்கி, பொட்டாசியம் குறைய நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தேன். இன்று அதைத் தவிர எதையும் நினைக்கவில்லை.

ஜூலை 9, புதன்

காலையில் அதிர்வு இல்லை.

வைத்த இடத்தில் இல்லை. நேற்று டயாலிசிஸ் முடியும்போது பிபி இறங்கியிருந்தது. பிபி இறங்கினால் ஃபிஸ்டுலா அடைத்துக்கொள்ளும் என்று சொல்லியிருந்தார்கள். காது அடைத்தது. அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மூச்சு விட்டேன். இன்னொன்று. விரலை முழங்கைப் பக்கமாக ஓர் அங்குலம் நகர்த்தினேன், அழுத்தாமல், வெறுமனே வைத்தேன். மெலிதாக, எங்கோ தூரத்தில். வண்டு.

"இருக்காம்மா?"

"இருக்குப்பா."

அப்படியே கூட்டிக்கொண்டு போனேன். ஸ்கேனில் ஓட்டம் இருக்கிறது. வீட்டுக்கு வந்தபிறகுதான் அழுதேன்.

ஜூலை 13, ஞாயிறு

ஐஸ், இரண்டு கட்டி. பேசவில்லை.

ஜூலை 21, திங்கள்

நாளை ஃபிஸ்டுலாவில் முதல் ஊசி. மெல்லிய ஊசிதானாம். அப்பா சட்டைக் கையை இன்றே மடித்துப் பார்த்துக்கொள்கிறார்.