143-வது இடத்தில் பெரியப்பா

தங்கச்சி கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கும் லிஸ்டைச் சரிபார்க்கிறேன் என்று நானாகப் போய்த்தான் மாட்டினேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. அப்பாவிடம் ஒரு நீள நோட்டு, அம்மாவிடம் கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் நாலு பக்கம், தங்கச்சி போனில் ஒரு பட்டியல். மூன்றையும் அதே வரிசையில் டைப் அடித்தால் 312 பெயர். முக்கால்வாசிச் சொந்தம் மூன்றிலும் இருந்தது.

"கம்ப்யூட்டர்ல போட்டா ரெண்டு நிமிஷம்பா" என்றேன்.

பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழியில் செட் என்று ஒன்று இருக்கிறது. ஒரே பெயரை எத்தனை தடவை போட்டாலும் ஒரு தடவைதான் வைத்துக்கொள்ளும். ஒரே வரி. 312 பேர் 187 ஆனார்கள். பிரிண்ட் எடுத்து அப்பா கையில் கொடுத்துவிட்டுக் காபி டம்ளரைத் தூக்கினேன்.

"ஏண்டா, முதல் பத்திரிகை பால்காரருக்கா?"

எட்டிப் பார்த்தேன். 1 பால்காரர். 2 தங்கச்சியோட ஹாஸ்டல் தோழி. தாய்மாமா 96. பெரியப்பா 143. குலசாமி கோயில் பூசாரி கடைசி. எங்கள் பக்கம் குலசாமிக்கு வைத்து, தாய்மாமாவுக்கு வைத்து, பெரியப்பா வீட்டுப் படியேறின பிறகுதான் மற்றவர்கள். இது பிசகினால் கல்யாணத்துக்கு வருவார்கள், ஆனால் பந்தியில் உட்காராமல் வாசலோடு போவார்கள். அதை வீடியோக்காரர் வேறு எடுத்துத் தொலைப்பார்.

"ஏதோ தப்பா வந்திருக்கு" என்று மறுபடி ஓட்டினேன். இந்தத் தடவை தாய்மாமா 11-க்கு ஏறிவிட்டார். பெரியப்பா 160-க்கு இறங்கிவிட்டார்.

"மெஷினுக்கு அவர் மேல என்னடா கோவம்?" அம்மா உண்மையிலேயே கவலையாகக் கேட்டாள்.

கோபமெல்லாம் இல்லை. செட் பெயரை வரிசையில் வைப்பதே இல்லை. பெயரை அரைத்து ஒரு எண்ணாக்கி, அந்த எண் காட்டும் பொந்தில் போடும். அந்த எண்தான் ஹாஷ். தபால் ஆபீஸில் கடிதம் பிரிக்கிற பொந்து அலமாரி மாதிரி. தேடும்போது நேரே அந்தப் பொந்துக்குப் போய்விடலாம், ஆனால் யார் முதலில் வந்தார் என்பது அலமாரிக்குத் தெரியாது. போதாக்குறைக்கு, 2012-இல் வந்த பைத்தான் 3.3 பதிப்பிலிருந்து பெயர்களுக்கான அந்த எண் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மாறும். வேண்டுமென்றே ஒரே பொந்தில் விழுகிற சொற்களாகப் பார்த்து அனுப்பி சர்வரைத் திணறடிக்கிற ஆட்களுக்குப் பயந்து செய்த ஏற்பாடு. எவனோ ஒரு திருடனுக்குப் போட்ட பூட்டில் எங்கள் பெரியப்பா சிக்கிக்கொண்டார்.

இதற்கு விடை எனக்குத் தெரியும். பைத்தானின் டிக்‌ஷனரி என்கிற இன்னொரு வகைப் பட்டியல் வந்த வரிசையைக் காப்பாற்றும், அதில் பெயர்களைக் கொட்டினால் முடிந்தது. ஜாவா என்கிற இன்னொரு மொழியில் இதற்கென்றே லிங்க்டுஹாஷ்செட் 2002-லிருந்து இருக்கிறது. ஆனால் பெற்றோர் முன்னால் மானம் போன இன்ஜினியர் ஒரு வரியில் திருப்தி அடைவானா? ராத்திரி 11 மணிக்கு, நானே ஒன்று எழுதுகிறேன் என்று உட்கார்ந்தேன்.

ஜாவா செய்கிற மாதிரியே செய்தேன். ஒவ்வொரு பெயரும் பொந்தில் இருக்கும், கூடவே தனக்கு முன்னால் யார், பின்னால் யார் என்று கையைப் பிடித்துக்கொண்டிருக்கும். வரிசை அழகாக வந்தது. பூசாரி, தாய்மாமா, பெரியப்பா. நீக்கிப் பார்ப்போமே என்று 126-வதாக இருந்த டெய்லரை எடுத்தேன். அவர் போனார். அவருக்குப் பின்னால் இருந்த 61 பேரும் போனார்கள். அவர் விட்ட கையை முன்னவர் கையோடு சேர்க்க மறந்திருக்கிறேன். ஒருத்தர் கோபித்துக்கொண்டு போனால் பின்னாலேயே ஒரு கூட்டம் கிளம்புவது எங்கள் குடும்பத்தில் புதிதல்ல என்றாலும், டெய்லருக்காக இத்தனை பேரா?

காலையில் அப்பா தன் மொய் நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா கல்யாணத்து நோட்டு. நாலு மூலையிலும் மஞ்சள், நடுவில் எண்ணெய்க் கறை. வந்த வரிசையிலேயே பெயர், ஊர், தொகை. பின் அட்டைப் பக்கம் ஊர் வாரியாகக் கட்டம் போட்டு, கட்டத்துக்குள் வெறும் எண்கள்: நத்தம் 4, 19, 77. "நத்தம் ஆள் யாருன்னா அங்க நம்பரைப் பார்த்துட்டு இங்க வருவேன். பேரை ரெண்டு தடவை எழுத யாரால ஆகும்?"

எனக்குக் காபி புரையேறியது. பைத்தானை வளர்ப்பவர்களில் ஒருவரான ரேமண்ட் ஹெட்டிங்கர் 2012 டிசம்பரில் பைத்தான் டிக்‌ஷனரிக்குச் சொன்ன யோசனை அச்சு அசல் இதுதான்: பெயர்களை வந்த வரிசையில் ஒரு நோட்டில் எழுது, பொந்துகளில் வரிசை எண்ணை மட்டும் போடு. இடம் மிச்சம் பிடிக்கத்தான் அவர் சொன்னார், வரிசை கொசுறாகக் கிடைத்தது. 2016-இல் 3.6-இல் வந்து, 2018-இல் 3.7-இல் மொழியின் விதியாகவே ஆனது. செட்டுக்கு மட்டும் அந்தக் கொடுப்பினை இல்லை. அப்பாவிடம் இதைச் சொன்னேன். "நத்தத்துக்காரங்களுக்கு எத்தனை பத்திரிகைன்னு எண்ணு" என்றார்.

அதே வடிவில் மாற்றி எழுதினேன். ஓடியது. ஆனால் கோவிந்தன் இரண்டு தடவை வந்தார். ஒரே எழுத்து, ஒரே ஆள். கண்ணை எவ்வளவு இடுக்கியும் வித்தியாசம் தெரியவில்லை. எழுத்தெழுத்தாகப் பிரித்ததில்தான் பிடிபட்டது: ஒரு 'கோ'வில் ஓகாரக் குறி முழுசாக ஒரே குறியீடு, இன்னொன்றில் இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடு. பார்வைக்கு ஒன்று, ஹாஷுக்கு இரண்டு ஆள். எல்லாப் பெயரையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகு 186.

அன்றைக்குச் சாயங்காலம் போனில் ஏதோ வார்த்தை தடித்து, "சித்தப்பாவை எடுத்துடு" என்றார் அப்பா. எடுத்தேன். ராத்திரிச் சாப்பாட்டுக்குள் சமாதானம். "சேர்த்துடு." சேர்த்தேன். ஒன்பதாவதாக இருந்த சித்தப்பா 186-வதாக, ஹாஸ்டல் தோழிகளுக்கெல்லாம் பின்னால் போய் நின்றார். உலகத்தில் வரிசை காக்கிற எல்லா செட்டும் அப்படித்தான் செய்யும், நீக்கினால் இடம் போச்சு என்று விளக்கினேன்.

அப்பா நீள நோட்டை என் பக்கம் திருப்பினார். ஒன்பதாவது வரியில் சித்தப்பா பெயர் மேல் ஒரே ஒரு மெல்லிய பென்சில் கோடு. ரப்பரை எடுத்து அந்தக் கோட்டை மட்டும் அழித்து, துகளை ஊதிவிட்டு, "அடுத்த மாசத்துக்குள்ள இன்னும் ரெண்டு தடவை போடுவேன்" என்றார்.