நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை

"உலகமே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது" என்று பதறுகிறவர்கள் இதைக் கொஞ்சம் பாருங்கள். பிறந்த நாட்டை விட்டு வேறு நாட்டில் வாழ்பவர்கள் 2024இல் சுமார் 30.4 கோடி என்கிறது ஐ.நா. பெரிய எண்தான். ஆனால் உலக மக்கள்தொகையில் இது நான்கு சதவீதம்கூட இல்லை.

போகிறவர்கள் எல்லாம் பரம ஏழைகள் என்பதும் தவறு. விசா, டிக்கெட், ஏஜென்ட் கமிஷன் என்று எல்லாவற்றுக்கும் பணம் வேண்டுமே! போருக்குத் தப்பி ஓடுபவர்களோ பெரும்பாலும் பக்கத்து நாட்டைத் தாண்டுவதில்லை.

அரசுகள் மனசு வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு 2022 மார்ச் சாட்சி. 2001இலிருந்து ஏட்டிலேயே கிடந்த தற்காலிகப் பாதுகாப்புச் சட்டத்தை உக்ரைன் மக்களுக்காக ஐரோப்பிய ஒன்றியம் முதல்முறையாக நடைமுறைப்படுத்தியது. தங்கும் அனுமதி, வேலை, பள்ளி, மருத்துவம், எல்லாம் கிடைத்தது. நாற்பது லட்சம் பேருக்கு மேல் அடைக்கலம் பெற்றார்கள். நல்ல காரியம், மனதாரச் சொல்கிறேன்.

ஆனால் சிரியாவிலிருந்து ஓடிவந்தவர்களுக்கு அந்தச் சட்டம் ஏன் எடுக்கப்படவில்லை? 2016இல் அவர்கள் கடல் கடந்து வராமலிருக்கத் துருக்கியோடு ஒப்பந்தம்தான் போட்டார்கள். இதை என்னால் ஜீரணிக்கவே முடியவில்லை.

முறையான வழி அடைபட்டால் மிச்சம் இருப்பது கடத்தல்காரனின் படகுதான். 2014 முதல் மத்தியதரைக் கடலில் மட்டும் 30,000 பேருக்கு மேல் இறந்தோ காணாமலோ போயிருக்கிறார்கள். முதியோர் பெருகி வேலைக்கு ஆள் கிடைக்காத நாடுகளே, வேலை விசாவையாவது எளிதாக்குங்கள்.